எட்டு நாடு வேண்டாம், மூன்று போதும்

ஜெர்மனியில் இருக்கும் மகன் போன மாதம் ஒரு பட்டியல் அனுப்பினான். வரும் ஜூனில் நானும் அவன் அம்மாவும் அங்கே போகிறோம். தன் காரிலேயே எங்களுக்கு ஐரோப்பாவைச் சுற்றிக் காட்ட அவன் போட்ட திட்டம் அது. டுசெல்டார்ஃபில் கிளம்பி ஆம்ஸ்டர்டாம், பிரஸ்ஸல்ஸ், பாரிஸ், லூசெர்ன், வாடுஸ், இன்ஸ்ப்ரூக், வெனிஸ், திரும்ப வீடு. ஒன்பது நாள், எட்டு நாடு. பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. தெருவில் இரண்டு பேரிடம் சொல்லியும் விட்டேன்.

அப்புறம் உட்கார்ந்து கிலோமீட்டரைக் கூட்டினேன். மூவாயிரத்தைத் தாண்டியது. பாரிஸிலிருந்து லூசெர்னுக்கு மட்டும் ஏறக்குறைய 600. கடைசி நாள் வெனிஸிலிருந்து வீட்டுக்கு 1,100-க்கு மேல். சென்னையிலிருந்து கன்னியாகுமரியே 700 தான். இத்தனையையும் ஓட்டப் போவது ஒரே ஆள். மருமகளுக்கு அங்கே லைசென்ஸ் இல்லை. நம் ஊர் லைசென்ஸ் அங்கே குடியேறியவர்களுக்கு ஆறு மாதம்தான் செல்லும். அதன் பிறகு எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டும் எழுதித் தேற வேண்டும்.

நமக்கு இது புது வியாதி இல்லை. கும்பகோணத்தில் ரூம் போட்டு, நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் ஒரே நாளில் வேனில் முடித்தவர்கள்தானே நாம்? விடிகாலை திங்களூரில் ஆரம்பித்து இருட்டின பிறகு திருநள்ளாறு. கஞ்சனூரில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. வேனில் யார் வாந்தி எடுத்தார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஐரோப்பாவுக்குப் போகும்போதும் அதே வேன் புத்திதான் கூட வருகிறது.

எனக்கு உறைத்தது ஒரு சட்டத்தைப் படித்தபோது. ஐரோப்பிய யூனியனில் சுற்றுலா பஸ் ஓட்டுபவர் ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு கட்டாயம். இது சம்பளம் வாங்கி, பயிற்சி எடுத்து, அதையே தொழிலாகச் செய்பவருக்கு. வருஷம் முழுக்க ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் என் பிள்ளை, எங்களுக்காக லீவு போட்டு, ஒரே நாளில் 1,100 கிலோமீட்டர் ஓட்டலாமா? சொந்தக் காருக்கு அந்தச் சட்டம் கிடையாது. அதற்காக உடம்பு வேறாகிவிடுமா? போதாக்குறைக்கு ஜூனில் அங்கே சூரியன் மறைய ராத்திரி பத்து மணி ஆகிவிடும். இன்னும் வெளிச்சம் இருக்கிறதே என்று ஓட்டிக்கொண்டே இருக்கத் தோன்றும்.

ஆகவே போனில் சொல்லிவிட்டேன். "நாட்டை எண்ணாதே, ஸ்டியரிங் பிடிக்கிற மணியை எண்ணு. ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டர்தான். ஓட்டின நாளுக்கு மறுநாள் கூடுமானவரை வண்டியைத் தொடாதே." அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்பா, இவ்வளவு செலவு பண்ணி வர்றீங்க, மறுபடியும் எப்ப வருவீங்களோ" என்றான். அந்த வாக்கியத்தின் பாதி அர்த்தம் அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு வயது எழுபத்தொன்று. மறுபடியும் வராமலே போகலாம். அதனால்தான் சொல்கிறேன், வருகிற ஒரு தடவையில் அவன் முதுகை மட்டும் பின் சீட்டிலிருந்து பார்த்துவிட்டு வர எனக்கு விருப்பமில்லை.

ஒரு நாட்டைக் குறைத்தால் ஒரு தொல்லையும் குறைகிறது. ஆஸ்திரியா நெடுஞ்சாலைக்குத் தனி ஸ்டிக்கர். இத்தாலியில் பழைய நகரங்களுக்குள் அனுமதியில்லாத வண்டி நுழைந்தால் கேமரா பிடித்துவிடும், அபராதக் கடிதம் மாதக் கணக்கில் கழித்து வரும். பிரான்ஸ் நெடுஞ்சாலையில் தூரத்துக்குத் தகுந்த சுங்கம். சுவிட்சர்லாந்தில் மூன்று நாள் ஓட்டினாலும் வருஷ ஸ்டிக்கர்தான், 40 ஃபிராங்க். ஜெர்மனியில் காருக்குச் சுங்கம் கிடையாது, ஆனால் நெடுஞ்சாலைக் கழிப்பறைக்குப் பல இடங்களில் 1 யூரோ. சர்க்கரைக்காரர்கள் சில்லறையோடு போக வேண்டும். இந்தக் கழிப்பறை விஷயத்தைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நம் வயதில் பாதித் திட்டமே அதுதான்.

விசா விண்ணப்பமும் ஒரு விதத்தில் நல்ல வாத்தியார். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் ஷெங்கன் விசா கேட்க வேண்டும். எட்டு நாட்டுக்கும் ராத்திரிகளை எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, சிலவற்றில் ஒரு ராத்திரிகூட இல்லை. வாடுஸில் காப்பி குடிக்க மட்டும் இறங்குகிறோம். இன்ஷூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு எடுக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் பி.பி., இதய நோய்க்கு அதில் இடம் உண்டா என்று பொடி எழுத்தைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இப்போது மூன்று நாடு என்று முடிவாகியிருக்கிறது. ஹைடெல்பெர்க்கில் இரண்டு ராத்திரி, பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்க் மூன்று, லூசெர்ன் மூன்று, திரும்பும் வழியில் ஃப்ரைபுர்க், மைன்ஸ் ஒவ்வொன்று. மொத்தம் பத்து. சுவிட்சர்லாந்தை எடுக்க நான் விடவில்லை. ஸ்ரீதரின் 'சிவந்த மண்' 1969-ல் வந்தபோது பார்த்த ஐரோப்பா இன்னும் கண்ணில் இருக்கிறது. பாரிஸை விட மாட்டேன் என்றாள் என் மனைவி. அதற்கு வழி கிடைத்தது. ஸ்ட்ராஸ்பூர்கிலிருந்து பாரிஸுக்கு வேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவுதான். காரை நிறுத்திவிட்டு, காலையில் போய் ராத்திரி திரும்பிவிடலாம். மகனும் ஜன்னலோரம் உட்காருவான்.

வெனிஸ் போய்விட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய்.

அதற்குப் பதில் பட்டியலில் ஒன்று சேர்த்தேன். ஹாம் காமாட்சி அம்மன் கோயில், மகன் வீட்டிலிருந்து 100 கிலோமீட்டர். இலங்கைத் தமிழர்கள் கட்டியது, 2002-ல் கும்பாபிஷேகம் ஆனது. அதன் தேர்த் திருவிழாவுக்கு ஹாலந்து, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து என்று பல நாட்டிலிருந்தும் தமிழர்கள் குடும்பத்தோடு காரில் வந்து சேருகிறார்கள். பாஸலிலிருந்து என்றால் 500 கிலோமீட்டருக்கு மேல். அவர்கள் வழியில் நாலு நாடு பார்க்க வருவதில்லை. ஒரு தேர், ஒரு வடம், தெரிந்த முகங்கள், அதற்காக ஓட்டுகிறார்கள். அப்படி ஓட்டினால் தூரம் கணக்கில்லை.

புதுத் திட்டத்தை அனுப்பியபோது மகன் ஒரு நாள் பதிலே போடவில்லை. மறுநாள், "எனக்கும் கொஞ்சம் பயமாத்தாம்பா இருந்துச்சு" என்று எழுதினான். அதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம். நாங்கள் ஆசைப்படுகிறோம் என்று நினைத்து அவன் போட்டான், அவன் ஆசையாகப் போட்டானே என்று நான் சும்மா இருந்தேன். பிள்ளை திட்டம் போட்டால் தலையாட்டாமல் ஒரு தடவை கூட்டிப் பாருங்கள்.

டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. ஹாம் தேர் எந்த ஞாயிறு என்று தெரிந்த பிறகுதான் எடுக்க வேண்டும் என்பது வீட்டு உத்தரவு.