கொக்கியோடு மல்லுக்கட்டாதீர்கள்

பழைய துணிக்கூரைக் காடி ஒன்றை வாங்கிச் சீர்செய்து, கல்யாணத்துக்கு ஓட்டும் ஆசை நம் பிள்ளைகள் சிலருக்கு உண்டு. ஆசை இருக்கட்டும், கூரையைப் பிடித்திருக்கும் கொக்கியை மறக்கலாகாது.

1989இல் விற்பனைக்கு வந்த மாஸ்டா எம்.எக்ஸ்-5 காடியில், முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல் இரு மூலையிலும் ஒவ்வொரு கொக்கி. ஒன்றை மட்டும் விடுவித்துக் கூரையைத் தூக்கினால் அதன் சட்டம் கோணிக்கொள்ளும். கொக்கி இறுகிக்கொண்டால் சுத்தியலைத் தேடாதீர்கள்! ஒருவர் கூரையின் முன் விளிம்பைக் கீழே அழுத்த, மற்றவர் பிடியை விடுவிக்கட்டும். விரல் பத்திரம்.

தொளதொளவென்று இருந்தால், பல காடிகளில் கொக்கித் தண்டின் மரையைத் திருகிச் சரிசெய்யலாம். ஒருமுறைக்கு அரைச்சுற்று போதும். இரு பக்கமும் ஒரே அளவு. அதிகம் இறுக்கினால் தையல் விடும். தளர்ந்தே கிடந்தாலோ, சுங்கைப்பட்டாணிச் சாலையில் வேகமெடுக்கும்போது காற்று கூரையைப் பிடுங்கிவிடும்.

கொக்கியின் மூட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். ஓரத்து ரப்பரில் மட்டும் படக் கூடாது. எண்ணெய் பட்ட ரப்பர் ஊதிப்போகும் என்று பால்மரத்தோடு பழகிய நமக்குச் சொல்லவா வேண்டும்? அதற்கு முகப்பவுடரே போதும். நனைந்த கூரையை மடித்து வைக்கவே வேண்டாம். பாலிங் மழைக்குச் சீக்கிரமே பூஞ்சணம் பிடித்துவிடும்.