சண்டே ரவுண்ட்ஸ்: மேல ஒரு மேகம்... கீழ ஒரு குளியல்!

'காலைல மழைக்காடு, மத்தியானம் அருவி, சாயங்காலம் வெந்நீர் ஊற்றுல சுகக் குளியல்... எல்லாம் ஒரே நாள்ல, கைடோட!' கோஸ்டா ரிகா பக்கம் இப்படி டூர் பேக்கேஜ் விப்பாங்க. போட்டோவைப் பார்த்துட்டு, 'நமக்கு செமஸ்டர் ஃபீஸ் கட்டவே முழி பிதுங்குது'ன்னு மூடி வெச்சிருப்பீங்க. பெருமூச்சு வேணாம் பாஸ். அந்த மூணுல ரெண்டு, தேனி மாவட்டத்துல வடுகபட்டியில நின்னு அண்ணாந்து பார்த்தாலே தெரியுற மலையில இருக்கு. ஒரு ஞாயித்துக்கிழமை போதும். இன்னிக்கு கைடு அடியேன்தான். பீஸ் கிடையாது, டிப்ஸ் உண்டு!

இல்லாத அந்த மூணாவதை முதல்லயே பைசல் பண்ணிடுவோம். வெந்நீர் ஊற்று நம்ம பக்கம் கிடையாது. டீக்கடை பாய்லர்தான் நமக்கு இருக்கிற ஒரே ஹாட் ஸ்பிரிங். எரிமலை இருந்தாத்தான் வெந்நீர் ஊற்று வரும்னு இல்லை. மழைத்தண்ணி பாறை வெடிப்பு வழியா ரொம்ப ஆழம் இறங்கணும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பூமி சுமாரா 25-லிருந்து 30 டிகிரி வரைக்கும் சூடாகும். அந்தத் தண்ணி ஆறிப்போறதுக்குள்ள வேகமா மேல ஏறி வர இன்னொரு வெடிப்பும் கிடைக்கணும். இந்த லக் அடிச்ச இடங்கள்ல ஒண்ணு இலங்கையில திருகோணமலை பக்கத்துல இருக்கிற கன்னியா. கிட்டக்கிட்ட சின்னச் சின்னதா ஏழு கிணறு, ஒவ்வொண்ணுலயும் ஒரு சூடு. ராவணன் தன் அம்மாவோட ஈமச்சடங்குக்காக பூமியில குத்தின இடம்னு கதை சொல்வாங்க. வடக்கே இமாச்சலப் பிரதேசத்து மணிகரண்ல ஊற்றுத் தண்ணியிலயே அரிசி வேக வைக்கிறாங்க. சரி, ஏக்கப்பட்டது போதும். வண்டியைக் கிளப்புவோம்.

வடுகபட்டின்னா உங்களுக்கு வைரமுத்து ஞாபகம் வரும். வைகை அணை கட்டுனப்ப இடம்பெயர்ந்த குடும்பம் வந்து சேர்ந்த ஊரு இது. எங்காளுங்களுக்கு வடுகபட்டின்னா பூண்டு! கொடைக்கானல் மேல்மலையில விளையுற மலைப்பூண்டு (புவிசார் குறியீடெல்லாம் வாங்கின ஸ்டார்) மூட்டை மூட்டையா இங்கேதான் இறங்கி சந்தைக்கு வரும். சந்தை நாள்ல கண்ணை மூடிட்டு வந்தாலும் மூக்கே ஊரைக் கண்டுபிடிச்சிடும். இந்தப் பூண்டை ஏன் இழுக்கிறேன்னா, மலையில நடக்கிற ஒவ்வொண்ணும் கீழே இறங்கி வரும்கிறதுக்கு இதுதான் பெஸ்ட் சாம்பிள். பூண்டு லாரியில வருது. தண்ணி அதுக்கு முன்னாடியே வந்துடும்.

பெரியகுளத்துல இட்லியை முடிச்சுட்டு நேரா கும்பக்கரை. எட்டு கிலோமீட்டர் சொச்சம், மாந்தோப்பு வழியா ரோடு. வனத்துறை கேட்ல டிக்கெட் வாங்கினா தேவதானப்பட்டி வனச்சரகத்துக்குள்ள இருக்கீங்கன்னு அர்த்தம். குத்தாலம் மாதிரி தலையில தடதடன்னு கொட்டுற அருவி இல்லை இது. பாம்பாறு பாறை மேல சறுக்கிக்கிட்டு, அங்கங்கே குழியில விழுந்து எந்திரிச்சு வரும். அந்தக் குழிகளுக்கு இங்கே 'கெஜம்'னு பேரு. யானை கெஜம், பாம்பு கெஜம், உரல் கெஜம்...

இந்த உரல் கெஜத்துக்குப் பேரு வெச்ச ஆளு மட்டும் இன்னிக்கு இருந்திருந்தா, நேரா நம்ம மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் ஹெச்.ஓ.டி. ஆக்கியிருக்கலாம்! வெள்ளம் வரும்போது ஒரு சின்னப் பள்ளத்துல கூழாங்கல்லு மாட்டிக்கும். தண்ணி அதைச் சுத்திச் சுத்தி அரைக்கும். கல்லு தேயும், பாறையும் தேயும். பல ஆயிரம் வருஷத்துக்கு அதே வேலை. கடைசியில மாவாட்டுற உரல் மாதிரி, வாய் குறுகலா வயிறு அகலமா ஒரு துளை. லேத்தும் வேணாம், டிரில்லிங் மெஷினும் வேணாம். பார்க்க அழகு. ஆனா அந்த டிசைனை இன்னொரு தடவை படிங்க: வாய் குறுகல், வயிறு அகலம், உள்சுவர் வழவழன்னு, பிடிக்க ஒரு விளிம்பு கிடையாது, மேல தண்ணி சுத்துது. நீச்சல்ல மெடல் வாங்கினவனும் உள்ளே போனா வெளியே வர்றது கஷ்டம். அதனாலதான் அங்கே கம்பி வேலி, போர்டு, விசில் ஊதுற வாட்சர் அண்ணன். அவரை வில்லனாவே பார்க்கிறது நம்ம காலேஜ் பசங்களோட பொழுதுபோக்கு.

அவரு பார்வை எங்கே இருக்குன்னு ஒரு அஞ்சு நிமிஷம் கவனிங்க. நம்ம மேல பாதிதான். மீதிப் பாதி மலை உச்சியில. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கும். நாம சன் ஸ்கிரீன் தடவிட்டிருப்போம். அவரு திடீர்னு, "தம்பிகளா, மேல கருக்குது. ஏறுங்க, ஏறுங்க!"ன்னு விரட்டுவாரு. 'ஒரு பொட்டு மழைகூட இல்லையேண்ணே?'ன்னு கேட்கத் தோணும். கேட்டுட்டே ஏறுங்க, நின்னு கேட்காதீங்க.

ஏன்னா, கும்பக்கரையில ஓடுறது கும்பக்கரையில பெய்ஞ்ச மழை இல்லை. கொடைக்கானல் இருக்கிறது சுமார் 2,100 மீட்டர் உயரத்துல. நாம நிக்கிறது மலையடிவாரம். மேல வட்டக்கானல் பக்கம் கொட்டுற மழை அப்படியே செங்குத்தா இறங்கி வரும். நாம இன்ஜினீயருங்கதானே, உதாரணத்துக்கு ஒரு கணக்கு போட்டுடுவோம். தண்ணி வர்ற பாதை 10 கிலோமீட்டர்னு வெச்சுக்கங்க, வேகம் செகண்டுக்கு 3 மீட்டர். 3,333 செகண்ட், அதாவது 55 நிமிஷம். மேல மழை வெளுத்து வாங்கி முக்கால் மணி நேரம் ஆனப்புறமும் கீழே நீங்க ஸ்படிகமாட்டம் தண்ணியில செல்ஃபி எடுத்துட்டு இருப்பீங்க. அடுத்த பத்து நிமிஷத்துல சீன் மாறிடும். வேகம் ரெண்டு மடங்கானா தண்ணி உங்களைத் தள்ளுற விசை நாலு மடங்கு. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல ரெண்டு மார்க்குக்காக மனப்பாடம் பண்ணின அதே ஃபார்முலாதான். வேகமா ஓடுற தண்ணி அரை அடி உயரம் இருந்தாலே பெரிய ஆளையும் கால் இடறி விழ வெச்சிடும்.

2024 மே 17, பழைய குத்தாலம். குளிச்சுட்டு இருந்த கூட்டத்துக்கு நடுவுல மலையிலிருந்து திடீர் வெள்ளம். எல்லாரும் அலறியடிச்சு ஓடினாங்க. நெல்லையைச் சேர்ந்த 17 வயசுப் பையன் ஒருத்தன் திரும்பி வரலை. அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க, ஃபார்வர்டும் பண்ணியிருப்பீங்க. அதுல இன்னொரு தடவை கவனிக்க வேண்டியது வெள்ளத்தை இல்லை, வெள்ளத்துக்கு முன்னாடி இருந்த நேரத்தை. எல்லா அருவியும் ஏதாவது ஒரு சிக்னல் கொடுக்கும். தெளிஞ்ச தண்ணி டீ கலருக்கு மாறும். காய்ஞ்ச இலையும் சுள்ளியும் மிதந்து வர ஆரம்பிக்கும். சத்தம் கனமாகும். இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் செருப்பைத் தேடாதீங்க, போனைத் தேடாதீங்க, எதிர்க்கரையில இருக்கிற ஃப்ரெண்டுகிட்ட போகணும்னு தண்ணியைக் குறுக்கே தாண்டாதீங்க. எந்தக் கரையில இருக்கீங்களோ அந்தப் பக்கமே மேட்டுல ஏறுங்க. அந்தக் கரையில மாட்டினா ரெண்டு மணி நேரம் பசியோட உட்கார்ந்திருக்கணும், அவ்வளவுதானே!

குளிச்சாச்சா? தலையைத் துவட்டுங்க. இப்ப அந்தத் தண்ணி எங்கேயிருந்து வந்துச்சுன்னு பார்க்க மலை ஏறுறோம்.

தேவதானப்பட்டி தாண்டி காமக்காபட்டியில கொடைக்கானல் மலைப்பாதை தொடங்கும். பஸ்ல ஜன்னல் சீட்டுக்கு துண்டு போட்டு வைங்க. டம் டம் பாறை வந்ததும் எதிர் மலையில ஒரு வெள்ளை நூல் தொங்கும். தலையாறு அருவி, செல்லப் பேரு எலிவால். நூல்னு நினைச்சது 297 மீட்டர்! தமிழ்நாட்டுலயே உயரமான அருவி. சென்னை எல்.ஐ.சி. பில்டிங்கை அஞ்சு தடவை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினாலும் எட்டாது. இது மஞ்சளாறுக்குப் போற தண்ணி. நம்ம பாம்பாறு வேற டிபார்ட்மென்ட். இன்னும் மேல போனா வெள்ளி அருவி. பஸ் நின்னதும் எல்லாரும் இறங்கி போஸ் கொடுப்பாங்க, நீங்களும் கொடுங்க. ஆனா அது 1863-ல உருவாக்கின கொடைக்கானல் ஏரி வழிஞ்சு வர்ற தண்ணி. ஊருக்கு நடுவுல இருக்கிற ஏரி. குடிக்கிற ஐடியா இருந்தா கைவிடவும்.

அங்கேயிருந்து வட்டக்கானல். இங்கே பாம்பாறு ஒரு வாய்க்கால் சைஸ்ல சாதுவா இறங்கும். இந்த அருவிக்கு 'லிரில் ஃபால்ஸ்'னு இன்னொரு பேரு உண்டு. பழைய லிரில் சோப் விளம்பரத்துல பச்சை நீச்சலுடையில ஒரு பொண்ணு அருவியில ஆட்டம் போடுமே, அது இங்கே எடுத்ததுதான். உங்க அப்பாகிட்ட கேளுங்க, முகத்துல ஒரு வெட்கம் வரும்!

இதைச் சுத்தி இருக்கிற பாம்பார் சோலைதான் நான் சொன்ன மழைக்காடு. அனுமதி இல்லாம உள்ளே நுழையக் கூடாது. ஓரத்துல நின்னு பார்த்தாலே போதும். படத்துல வர்ற அமேசான் மாதிரி வானத்தை முட்டுற மரங்களை எதிர்பார்த்தா ஏமாந்துடுவீங்க. சோலை மரம் குட்டையா, முறுக்கிக்கிட்டு, தோளோட தோள் ஒட்டி நிக்கும். கிளை முழுக்கப் பாசி, பாசி மேல ஆர்க்கிட், அதுக்குக் கீழ பெரணி. கொழுந்து விடும்போது பச்சைக்கு நடுவுல செக்கச்செவேல்னு திட்டுத்திட்டா தெரியும். தரையில அடி அடியா மக்கின இலை. கையில எடுத்துப் பிழிஞ்சா தண்ணி சொட்டும். பெய்யுற மழையை அந்த ஸ்பாஞ்சு குடிச்சுட்டு, வாரக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா கசிய விடும். மழை நின்னு ரொம்ப நாள் ஆனப்புறமும் ஓடையில தண்ணி ஓடுதுன்னா இதுவும் ஒரு காரணம்.

பக்கத்துலயே வேற சில மரங்களும் இருக்கும். பைன், யூகலிப்டஸ், வாட்டில். வாட்டில் ஆஸ்திரேலியாவுலிருந்து தோல் பதனிடுற பட்டைக்காகக் கொண்டு வந்து நட்டது. வந்த விருந்தாளி வீட்டையே எழுதி வாங்கின கதையா, புல்வெளியிலயும் சோலை ஓரத்துலயும் பரவிடுச்சு. பைன் காட்டுல சினிமா பாட்டு எடுக்கலாம், ரீல்ஸ் போடலாம். ஆனா அதுக்கு அடியில குனிஞ்சு பாருங்க, காய்ஞ்ச ஊசி இலையைத் தவிர ஒண்ணும் முளைச்சிருக்காது. சோலைக்கும் பைனுக்கும் நடுவுல நின்னு ரெண்டு பக்கத் தரையையும் தொட்டுப் பாருங்க. என்விரான்மென்டல் சயின்ஸ் பேப்பர்ல இந்தக் கேள்வி வந்தா எட்டு மார்க் உங்களுக்கே.

இதெல்லாம் பார்த்துட்டு 'சூப்பரா இருக்கே, அடுத்து டிரெக்கிங் போலாமா?'ன்னு உங்க கேங்ல ஒருத்தன் கண்டிப்பா ஆரம்பிப்பான். போலாம். ஆனா தேனி மாவட்டத்துல அந்த வார்த்தையைச் சொன்னா டீக்கடையில ஒரு நிமிஷம் பேச்சு நிக்கும். 2018 மார்ச் 11, குரங்கணி. மலை ஏறிட்டு இறங்கிட்டு இருந்தவங்களைக் காட்டுத் தீ சூழ்ந்துச்சு. 23 பேர் இறந்தாங்க. நிறைய பேர் இருபதுகள்ல இருந்தவங்க. தனியாப் போனவங்க இல்லை, குழுவா கிளம்பினவங்க. மார்ச் மாசம் அந்த மலையில புல்லு காய்ஞ்சு கிடக்கும். தீ சரிவுல மேல ஏறும்போது சமதளத்தைவிட வேகமா ஏறும். ஓடுற ஆளு அதை ஜெயிக்க முடியாது. அந்தத் தீயை அணைக்கவும் ஆட்களைத் தூக்கி வரவும் முதல்ல ஓடினவங்கள்ல அந்த மலை கிராமத்துக்காரங்களும் இருந்தாங்க.

அதுக்கப்புறம் அதே வருஷம் தமிழக அரசு மலையேற்றத்துக்குன்னு தனி விதிகள் கொண்டு வந்துச்சு. 2024 அக்டோபர்ல 'ட்ரெக் தமிழ்நாடு' ஆரம்பிச்சாங்க. 14 மாவட்டத்துல 40 பாதை. ஆன்லைன்ல பதிவு பண்ணணும், காசு கட்டணும். கூட வர்ற கைடுங்க பயிற்சி எடுத்த பழங்குடி, மலையோர கிராமத்து இளைஞர்கள். லிஸ்ட்ல நம்ம குரங்கணி - சாம்பலாறும் இருக்கு. தீ சீசன்ல பாதையை மூடிடுவாங்க. 'காசு அதிகம் மச்சி, ஃப்ரெண்டோட ஃப்ரெண்டுக்கு வழி தெரியும்'னு ஒரு குரல் வரும். அவனுக்குத் தெரிஞ்சது போன வருஷத்து வழி. புல்லு இன்னிக்கு எவ்வளவு காய்ஞ்சிருக்கு, யானை நேத்து எந்தப் பக்கம் போச்சு, மேல நிக்கிற மேகம் பெய்யுமா கலையுமா... இது அங்கேயே இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும். நீங்க கொடுக்கிற காசு அதுக்குத்தான். நம்ம வயசுதான் இருக்கும் பல கைடுங்களுக்கு. பேச்சு கொடுத்துப் பாருங்க, நம்ம பாட்டனி புரொஃபசருக்கே டஃப் கொடுப்பாங்க.

சரி, ஞாயித்துக்கிழமை பிளானுக்கு வருவோம். 2024 மே 7-லிருந்து கொடைக்கானலுக்கு சொந்த வண்டியில, வாடகை வண்டியில போனா இ-பாஸ் கட்டாயம். அரசு பஸ்ல போறவங்களுக்கு அது தேவையில்லை (நம்ம பர்ஸுக்கும் பஸ்தான் செட் ஆகும்). பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்கு மலையில தடை, வீட்டுலேர்ந்து எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கங்க. வட்டக்கானல்ல சாயங்காலம் குளிரும், ஈர டிராயரோட ஏறாதீங்க. கிளம்புறதுக்கு முந்தின நாள் ராத்திரி கும்பக்கரையில குளிக்கத் தடை இருக்கான்னு செய்தியில பார்த்துக்கங்க. ஐப்பசி, கார்த்திகையில அடிக்கடி தடை போடுவாங்க. தடைன்னா அன்னிக்கு குளியலை கட் பண்ணிட்டு நேரா மலைக்கு பஸ் ஏறுங்க. வெள்ளம் வர்ற நாள்ல எலிவால், வாலா இருக்காது... குதிரை வாலாட்டம் கொழுத்துப் போய் இருக்கும். டம் டம் பாறையில பாதுகாப்பா நின்னு, சூடா ஒரு சோளம் வாங்கிக் கடிச்சுக்கிட்டே பார்க்கலாம்.

அடுத்த வாரம் மேகமலை. ஸ்வெட்டர் எடுத்து வைங்க!