பந்துக்கும் ஒரு பாடு

2015 டிசம்பரில் ஐ.எஸ்.எல். கால்பந்து அரையிறுதி ஆட சென்னையின் எஃப்.சி. அணிக்குச் சொந்த ஊரில் இடமில்லை. வெள்ளம் நகரத்தைப் புரட்டிப் போட்டிருந்தது. திருவள்ளூர் மாவட்டமும் தப்பவில்லை. கொல்கத்தாவுடனான ஆட்டம் புணேவுக்குப் போனது. அங்கே 3-0 என வென்ற அணி, டிசம்பர் 20 அன்று கோவாவில் நடந்த இறுதிப்போட்டியில் 87ஆவது நிமிடத்தில் பின்தங்கியது. அடுத்த சில நிமிடங்களில் இரண்டு கோல் பெற்று, 3-2 எனக் கோப்பையைத் தூக்கியது. லீக் சுற்றில் பத்து ஆட்டங்கள் முடிந்தபோது பட்டியலின் அடியில் கிடந்த அணி அது!

பயிற்சியாளர், இத்தாலியின் மார்கோ மட்டராஸி. 2006 உலகக் கோப்பை இறுதியில் பிரான்ஸின் ஜிடேன் தலையால் மார்பில் முட்டியது இவரைத்தான். அந்த ஆட்டத்தில் பிரான்ஸுக்குப் பெனால்டி கிடைக்கக் காரணமானவரும், பந்தைத் தலையால் முட்டிச் சமன் செய்தவரும் இவரே.

அவருடைய தொடக்கம்தான் இங்கே நமக்கு முக்கியம். இருபது வயதில் அவர் ஆடியது மர்சாலாவில், பிறகு திராபானியில். இரண்டும் சிசிலியின் மேற்குக் கரை ஊர்கள். இடையே உப்பங்கழி, உப்பளம். திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டுக்காரர் ஒருவரை அங்கே கொண்டுபோய் விட்டால், காற்றின் உப்பு வாசத்திலேயே ஊர் நினைவு வந்துவிடும். அப்படிப்பட்ட ஊர்களிலும் கிளப் இருந்தது, மைதானம் இருந்தது, பயிற்சியாளர் இருந்தார். அந்தப் படிகளில் ஏறித்தான் அவர் பெரூஜியாவுக்கும் இன்டர் மிலானுக்கும் போனார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2014இல் சென்னைக்கு வருமுன் மட்டராஸி எந்த அணிக்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. இங்கே ஆடிக்கொண்டே பயிற்சியும் தந்தார். நாம் நம்பினோம், அவர் கற்றார், அடுத்த ஆண்டே கோப்பை வந்தது. 2016இல் அணி ஏழாம் இடத்துக்குச் சரிந்தது. 2017இல் அவர் விடைபெற்றார். முதல்முறைப் பயிற்சியாளர் மேல் வைத்த அந்த நம்பிக்கையை நம் கரையோர இளைஞர்மேல் எப்போது வைக்கப்போகிறோம்?

சென்னை நேரு விளையாட்டரங்கிலிருந்து பழவேற்காடு சுமார் 60 கி.மீ. அங்கே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் மூன்றுக்கும் பாடு முறை உண்டு. பழவேற்காடு ஏரியில் இறால் நன்றாகப் படும் இடத்தை ஒருவரே பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. சீட்டுக் குலுக்கி, முறை வைத்து, இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்று வலை கட்டுவார்கள். கிடைப்பதைப் பகிர்ந்துகொள்ள இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் கண்டதில்லை.

பயிற்சியையும் அப்படித் தரலாம். நகரத்தில் ஆடி ஓய்ந்த வீரர்களும், குப்பங்களிலேயே ஆடும் இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்குப் பயிற்சியாளருக்கான டி லைசென்ஸ் படிப்புச் செலவை அரசும் அணிகளும் ஏற்கட்டும். ஒருவர் மூன்று குப்பங்களுக்கும் முறை வைத்துப் போகட்டும். வெறுங்காலோடு ஈர மணலில் பந்தை நிறுத்தித் திரும்பத் தெரிந்த பையனுக்கு, எந்தப் பக்கம் பார்த்து எப்போது தட்ட வேண்டும் என்று சொல்ல ஓர் ஆள் போதும்.

நடக்காத காரியமல்ல இது. கன்னியாகுமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறை, தூத்தூர் பக்கத்துக் கடற்கரைகளில் கால்பந்து ஊர்ப் பழக்கமாகவே இருக்கிறது. மீனவக் குடும்பத்து மைக்கேல் சூசைராஜ் அங்கிருந்துதான் சென்னை சிட்டிக்கும், பிறகு ஐ.எஸ்.எல். அணிகளுக்கும் போனார். வடகரைப் பிள்ளைகளுக்குக் கால் வேறா?

கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. பள்ளி விடுமுறையும் அதற்குள்தான் வருகிறது. முதல் முகாமை அப்போதே தொடங்கலாம். ஐப்பசி மழை இறங்கி ஏரியோரத் திடல் சேறாவதற்குள், பிள்ளைகளுக்கு ஐந்தாறு மாதப் பயிற்சியாவது கிடைத்திருக்கும்.