வட்டம் ஒன்று வரைவோம்!

“பொறியியலைத் தமிழில் கற்பித்தல் இயலாது” என்று கூறும் வாய்கள் இன்றும் ஓய்ந்தபாடில்லை. இலக்கியம் கற்பிக்கலாமாம், வரலாறு கற்பிக்கலாமாம், பாலமும் சுரங்கமும் பொறியும் சமைக்கின்ற கல்வி மட்டும் ஆங்கிலத்தில்தான் விளங்குமாம்! இவ்வாறு கூறுவாரைப் பார்த்து நாம் கேட்பது ஒன்றே: எந்தப் பகுதி இயலாது? பொதுப்படப் பேசிப் பொழுதைக் கழியாமல், பாடநூலைத் திறந்து, மாணவர் மிகவும் அஞ்சும் பக்கத்தைச் சுட்டிக் காட்டுங்கள். அத்தகைய பக்கம் ஒன்றை இம்முறை நாமே எடுத்துக்கொள்கின்றோம்.

பொருள்களின் வலிமையியல் என்னும் பாடத்தில் ‘தளத் தகைவு மாற்றம்’ என்பது ஒரு பகுதி. குடிசார் பொறியியல் பயில்வாரும் எந்திரப் பொறியியல் பயில்வாரும் இதனைக் கடவாமல் மேற்செல்ல இயலாது. ஆனால் பெரும்பாலோர் எவ்வாறு கடக்கின்றனர்? இரட்டைக் கோணங்கள் அமைந்த நீண்ட வாய்பாடுகள் இரண்டை உருப்போட்டு, தேர்வுத் தாளில் இறக்கிவைத்துவிட்டு, மறுநாளே மறந்துபோகின்றனர். இது மொழியின் குறையா? கற்பிக்கும் முறையின் குறையா? பார்ப்போம்.

முதலில் தகைவு என்றால் என்ன? தகைதல் என்பது தடுத்தல், கட்டுதல். ஒரு பொருளை வெளியிலிருந்து விசை இழுக்கும்போது, அதன் உள்ளே ஒவ்வொரு துகளும் அண்டைத் துகளைப் பற்றிக்கொண்டு பிரிவைத் தடுக்கின்றது. அத் தடுப்பு ஓர் அலகுப் பரப்பிற்கு எவ்வளவு என்பதே தகைவு. சொல்லே பொருளை உணர்த்தி நிற்பதைக் காண்க.

ஓர் இரும்புக் கம்பியை இரு முனையிலும் பற்றி இழுக்கின்றோம். அதனைக் குறுக்கே நேராக வெட்டியதாக எண்ணினால், வெட்டிய முகத்தில் இழுவை மட்டுமே உண்டு. அதே கம்பியை 45 பாகைச் சாய்வில் வெட்டியதாக எண்ணுங்கள். இப்பொழுது அச் சாய்ந்த முகத்தின் மேல் விசை இரண்டு வகையாகச் செயற்படும். ஒரு பகுதி முகத்துக்கு நேரே இழுக்கும், இது நேர்த்தகைவு. மற்றொரு பகுதி முகத்தின் வழியே சறுக்கும். இது துணிப்புத் தகைவு. இந்த 45 பாகைத் தளத்தில் இரண்டும் முதல் இழுவைத் தகைவில் சரிபாதியாக இருக்கும். விசை மாறவில்லை, பொருள் மாறவில்லை, பார்க்கும் தளம் ஒன்றே மாறியது. தளத் தகைவு மாற்றம் என்னும் பெரும்பெயரின் உட்பொருள் இவ்வளவே!

ஆனால் ஒரு புள்ளியின் வழியே செல்லும் தளங்கள் எண்ணிலடங்கா. எத்தளத்தில் இழுவை மிகும்? எத்தளத்தில் சறுக்கல் மிகும்? பொருள் எத்தளத்தில் உடையும்? பிரெஞ்சு அறிஞர் கோசி 1822-ஆம் ஆண்டிலேயே தகைவு பற்றிய கொள்கைக்கு அடிகோலினார். சூரிக்கில் பேராசிரியராக விளங்கிய கார்ல் கூல்மன் 1866-இல் வெளியிட்ட தம் வரைபட நிலையியல் நூலில் தகைவுகளை வட்டமாக வரைந்தார். அதனை முழுமையாக விளக்கி 1882-இல் உலகுக்கு அளித்தவர் கிறித்தியான் ஓட்டோ மோர் (1835–1918). இருப்புப்பாதைப் பொறிஞராகத் தொடங்கிப் பின்னர்த் திரெசுடனில் பேராசிரியராக அமர்ந்த செருமானியர் அவர். அவர் எழுதியது எம்மொழியில்? தம் தாய்மொழியில்! ஆங்கிலத்தில் எழுதாமையால் அவ்வட்டம் உருளாமல் நின்றுவிடவில்லை, உலகெங்கும் உருண்டோடியது.

அவ்வட்டத்தை நாமும் வரைவோம். ஒரு தகட்டின் சிறு சதுரத் துண்டை எடுத்துக்கொள்வோம். அதன் வலமுகத்தில் 90 அலகு இழுவை. மேல்முகத்தில் 30 அலகு இழுவை. எல்லா முகங்களிலும் 40 அலகு துணிப்பு. வலமுகத்தில் துணிப்பு மேல்நோக்கிச் செல்வதால், அது துண்டை இடஞ்சுழியாகத் திருப்ப முயல்கின்றது.

தாளில் கிடைக்கோடு ஒன்று இடுக, அது நேர்த்தகைவு. நெடுக்கோடு ஒன்று இடுக, அது துணிப்பு. துண்டை வலஞ்சுழியாகத் திருப்பும் துணிப்பை மேலும், இடஞ்சுழியாகத் திருப்புவதைக் கீழும் குறிப்பது என வைத்துக்கொள்வோம். வலமுகத்துக்கு உரிய புள்ளி, 90-இல் நின்று 40 கீழே. மேல்முகத்துக்கு உரிய புள்ளி, 30-இல் நின்று 40 மேலே. இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்தால், அது கிடைக்கோட்டை 60-இல் வெட்டும். அதுவே நடுவம். நடுவத்திலிருந்து வலமுகப் புள்ளிக்குக் கிடையாக 30, நெடுக்காக 40. எனவே ஆரை 50. மூன்று, நான்கு, ஐந்து என்னும் பழைய செங்கோண முக்கோணமே இங்கு வந்து நிற்கின்றது! வட்டத்தைச் சுற்றி முடியுங்கள்.

இனி வாய்பாடு எதற்கு? வட்டம் கிடைக்கோட்டைத் தொடும் வலக்கோடி 110, இடக்கோடி 10. இவையே முதன்மைத் தகைவுகள். அத்தளங்களில் துணிப்பு சுழியம். வட்டத்தின் உச்சி 50. அத்தளத்தில் மிகுதியான துணிப்பு. அங்கு நேர்த்தகைவு சுழியமன்று, நடுவத்தின் மதிப்பாகிய 60 என்பதையும் படமே சொல்லிவிடுகின்றது. விட்டத்தின் இரு முனைகளும் எப்பக்கம் திரும்பினாலும், அவற்றின் நேர்த்தகைவுகளைக் கூட்டினால் 120 என்னும் தொகை மாறாது. நடுவம் அசையாதபோது தொகை எங்ஙனம் மாறும்?

வட்டத்தில் கோணம் இரட்டிப்பது ஏன் என்று மாணவர் மயங்குவர். மயக்கம் வேண்டா. துண்டை 90 பாகை திருப்பினால் வலமுகம் இருந்த இடத்துக்கு மேல்முகம் வருகின்றது. வட்டத்திலோ இவ்விரண்டு புள்ளிகளும் விட்டத்தின் எதிரெதிர் முனைகள்; அவற்றிடையே 180 பாகை. ஆகவே துண்டில் ஒரு பங்கு திரும்பினால் வட்டத்தில் இரு பங்கு திரும்ப வேண்டும். நம் எடுத்துக்காட்டில் வலமுகப் புள்ளியிலிருந்து 110-ஐ அடைய வட்டத்தில் ஏறத்தாழ 53 பாகை இடஞ்சுழியாகத் திரும்புகின்றோம். எனவே துண்டில் ஏறத்தாழ 26½ பாகை. ஒரு வில் நடுவத்தில் தாங்கும் கோணம், பரிதியில் தாங்கும் கோணத்தின் இருமடங்கு என்று பள்ளியில் படித்த வடிவியலே இது.

இதனைக் கைப்படக் காண வேண்டுமா? ஒரு சுண்ணக்கோலை எடுத்து இரு கைகளாலும் முறுக்குங்கள். அது நேராக உடையாது. 45 பாகைச் சாய்வில் திருகுப் புரியாக உடையும். முறுக்கும்போது அதன் மேற்பரப்பில் துணிப்பு மட்டுமே உண்டு. வட்டத்தின் நடுவம் சுழியத்தில் நிற்கும். வட்டத்தில் 90 பாகை தள்ளி முழு இழுவை; பொருளில் அது 45 பாகை. சுண்ணம் இழுவைக்கு ஆற்றாதது; ஆகலின் அவ்வழியே பிளக்கின்றது. மென்னிரும்புத் தண்டை முறுக்கினாலோ அது குறுக்கே நேராக அறும். அது துணிப்புக்குத் தோற்பது. கற்காரை உத்தரத்தில் தாங்கிகளின் அருகே வெடிப்புகள் சாய்ந்து ஓடுவதும், அங்கே வளையக் கம்பிகளை நெருக்கிக் கட்டுவதும் இக் கரணியம் பற்றியே. நம் கொத்தனாரும் கம்பி கட்டுவாரும் கைப்பட அறிந்ததை வட்டம் கண்ணுக்குக் காட்டுகின்றது.

ஒரு தவற்றையும் ஈண்டுச் சுட்ட வேண்டும். தகட்டின் புறமுகத்தில் தகைவே இல்லை என்பதால், மூன்றாம் முதன்மைத் தகைவு சுழியம். நம் எடுத்துக்காட்டில் 110-க்கும் சுழியத்துக்கும் இடையே மற்றொரு வட்டம் வரைந்தால் அதன் ஆரை 55. எனவே பொருளின் உள்ளே உண்மையில் மிகுதியான துணிப்பு 55, 50 அன்று. வாய்பாட்டை மட்டும் நம்பியவன் இதனைத் தவறவிடுவான். மூன்று வட்டங்களையும் வரைந்தவன் தவறவிடான்.

இக்கல்வி ஏட்டுச் சுரைக்காயா? தேனாம்பேட்டைக்கு வந்து அண்ணா சாலையில் நில்லுங்கள். காலடியில் சுரங்கத் தொடர்வண்டி ஓடுகின்றது. தேனாம்பேட்டை நிலையம் 2018 மே திங்களில் திறக்கப்பட்டது. அச்சுரங்கம் செல்லும் அதே சாலையில், தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கு 2024 தொடக்கத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது. கீழே புழை, மேலே பாலம், இடையே மண்!

சுரங்கம் குடைவதற்கு முன், ஆழத்தில் ஒரு மண் துகளை எல்லாப் பக்கமும் ஒரே அளவில் அமுக்கம் நெருக்குவதாகக் கொள்வோம். அப்பொழுது தகைவு வட்டம் வெறும் புள்ளி, ஆரை சுழியம், துணிப்பே இல்லை. இனி வட்டப் புழை குடைகின்றோம். புழையின் விளிம்பில், உள்நோக்கிய தாங்கல் நீங்கிவிட்டது. அத்திசையில் தகைவு சுழியம். விளிம்பைச் சுற்றிய திசையிலோ, மண் மீள்மைப் பண்புடையதாயின், அமுக்கம் முன்பிருந்ததைப்போல் இருமடங்காகும். நடுவம் இருந்த இடத்திலேயே இருக்க, புள்ளியாய்க் கிடந்தது முழு வட்டமாகப் பருத்துவிட்டது! ஒவ்வொரு மண்ணுக்கும் தாங்கும் எல்லைக்கோடு ஒன்று உண்டு. வட்டம் பருத்து அக்கோட்டைத் தொட்டால் மண் சரியும். குடைந்தவுடன் கற்காரை வளையங்களைப் பொருத்துவது, உள்தாங்கலை மீட்டு அவ்வட்டத்தைச் சுருக்குதற்கே. மேலே பாலத்தின் சுமை வந்து சேரும்போது வட்டம் எவ்வளவு பருக்கும், எல்லைக்கோட்டை நெருங்குமா என்பதே பொறிஞர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. நாள்தோறும் அச்சாலையில் செல்வாரின் உயிர் அவ்விடையில் அடங்கியிருக்கின்றது.

இவ்வளவையும் தமிழிலேயே கூறினோம். எவ்விடத்தில் மொழி தடுக்கிற்று?

1794-இல் நிலவளவைப் பள்ளியாகத் தோன்றி வளர்ந்த கிண்டிப் பொறியியற் கல்லூரி, இந்நாட்டின் மிகப் பழைய தொழிற்கல்வி நிலையங்களுள் ஒன்று. அதனை உள்ளடக்கிய அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல்தான் குடிசார் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. இடைப்பட்ட காலம் இருநூற்றுப் பதினாறு ஆண்டுகள்! 2023 மே திங்களிலோ, உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் அத் தமிழ்வழிப் பிரிவுகளை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு எழுந்தபின் திரும்பப் பெறப்பட்டது. கடல் கடந்த யாழ்ப்பாணத்து மானிப்பாயிலோ, சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, நூல்களையும் தமிழாக்கினார். அயலவர்க்கு இயன்றது நமக்கு இயலாதோ?

ஆயினும் பழியைப் பிறர்மேல் மட்டும் சுமத்தி அமைதல் நன்றன்று. நாம் செய்ய வேண்டியனவும் உள. ஒருவர் ‘துணிப்பு’ என்கின்றார்; மற்றொருவர் ‘நறுக்கு’ என்கின்றார்; பள்ளிப் பாடநூல் ‘சறுக்குப் பெயர்ச்சி’ என்கின்றது. எல்லாம் நற்றமிழே. ஆனால் பள்ளியில் ஒன்று, கல்லூரியில் ஒன்று, தேர்வில் ஒன்று என்று இருந்தால் மாணவன் எதைப் பற்றுவான்? சொல்லாக்குவார் தம் சொல்லே நிற்க வேண்டும் என்னும் பற்றை விட்டு, ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்று முடிவு செய்தல் வேண்டும். அனைத்திந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2021 முதல் தாய்மொழிவழிப் பொறியியலுக்கு இசைவளித்து, பாடநூல்களையும் மொழிபெயர்க்கச் செய்தது. இது வரவேற்கத் தக்கதே. எனினும் ஆங்கிலத் தொடரைத் தமிழ் எழுத்தில் அடுக்கும் மொழிபெயர்ப்பு போதாது. சுண்ணக்கோலையும் கற்காரை உத்தரத்தையும் அண்ணா சாலைச் சுரங்கத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, தமிழில் எண்ணித் தமிழில் எழுதிய நூல்கள் வேண்டும். வாய்பாட்டுக்கு முன் வரைபடம் வர வேண்டும். தமிழில் பயின்றவர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காட்டு முன்னுரிமை தரும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம், ஏட்டளவில் நில்லாமல் பணியிடங்கள்தோறும் செயற்பட வேண்டும்.

தமிழறிந்த பொறிஞர்களே! ஆளுக்கு ஒரு பாடம் எழுதுங்கள். ஆசிரியப் பெருமக்களே! நாளை வகுப்பில் சுண்ணக்கோலை முறுக்கி உடைத்துக் காட்டிவிட்டுப் பின்னர் வாய்பாட்டை எழுதுங்கள். மாணவ இளைஞர்களே! கவராயத்தை எடுங்கள், நடுவத்தைக் குறியுங்கள், ஆரையை அளந்து வட்டத்தைச் சுற்றுங்கள். உருப்போட்டது தேர்வோடு போகும். உணர்ந்தது கட்டும் பாலத்தில் நிற்கும். உணர்தலோ, தாய்மொழியில் எளிது!