பிரெஞ்சு வழக்கும் ஆங்கிலச் சொல்லும்

பிரான்சு தேசத்தில் ஒரு மந்திரியோ பெருவணிகரோ விசாரணைக்குள்ளானால், அவர்மீது குற்றஞ்சாட்டப்பட்டதென்று ஆங்கிலப் பத்திரிகைகள் பல மறுநாளே எழுதிவிடுகின்றன. பாரிஸ் பத்திரிகைகளிற் காணப்படுவதோ ‘மீஸ் ஆன் எக்ஸாமேன்’ என்னும் தொடர். பதத்துக்குப் பதம் கூறின், ‘ஆராய்ச்சிக்கு உட்படுத்தல்’ என்றாகும். இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தூரம் சிறிதன்று என்பது நமது அபிப்பிராயம்.

இங்கிலாந்தில் ஒருவரைச் ‘சார்ஜ்’ செய்வதாவது, சாட்சியம் போதுமென்று கண்டு அவரை நியாயஸ்தலத்தின்முன் நிறுத்தத் துணிவதாம். பிரெஞ்சு முறை வேறு. அங்கே பெருங்குற்றங்களையும் சிக்கலான வழக்குகளையும் விசாரணை நீதிபதி என்பார் ஒருவர் ஆராய்கின்றார். குற்றத்தைக் காட்டுவனவற்றைப் போலவே குற்றமின்மையைக் காட்டுவனவற்றையும் தேடுவது அவர் கடமை. ஒருவர் அச்செயலிற் பங்கு கொண்டிருக்கக்கூடுமென்பதற்கு வலிய குறிகளோ, ஒன்றோடொன்று இசைந்த குறிகளோ கிடைத்தால், அவரை ஆராய்ச்சிக்கு உட்படுத்துகின்றார். அதனால் அம்மனிதருக்குச் சில உரிமைகளும் பிறக்கின்றன: தம் வழக்கறிஞர் வாயிலாக வழக்குக் கட்டைப் பார்வையிடலாம், இன்னின்னதை மேலும் ஆராய்க என்று கோரலாம். முடிவில், வழக்கு நடத்த இடமில்லையென்று ‘நோன் லியு’ என்னும் கட்டளை பிறப்பதும் உண்டு. ஆயினும், குற்றஞ்சாட்டப்பட்டார் என்று முன்னரே படித்துவிட்ட ஆங்கில வாசகர் மனத்தில் அவர் பெயர் கறைபட்டே நிற்கும்.

இதில் ஒரு விந்தையும் உண்டு. 1993ஆம் ஆண்டுச் சட்டத்துக்குமுன் பிரெஞ்சிலேயே இந்நிலைக்கு ‘அன்குல்பாசியோன்’ என்று பெயர். குற்றம் எனப் பொருள்படும் இலத்தீன் சொல் அதனுள்ளேயே கிடக்கிறது. தீர்ப்புக்கு முன்னரே ஒருவரைக் குற்றவாளியெனத் தோன்றச் செய்கிறதென்றே அச்சொல்லை மாற்றினர். அவர்கள் வருந்திக் கழுவிய கறையை மொழிபெயர்ப்பாளர் ஒரே சொல்லால் மீண்டும் பூசிவிடுகின்றார்!

உருவொத்த சொற்கள் இன்னும் பெரிய கண்ணி. நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் நெடுங்காலம் ஆங்கில நியாயஸ்தலங்களிற் பிரெஞ்சு வழங்கிற்று. அதன் எச்சத்தை நீக்கிய சட்டம் 1731-ல் இயற்றப்பெற்று 1733-ல் அமலுக்கு வந்தது. ஆகவே, ஒரே குடும்பத்துச் சொற்கள் இரண்டு வீடுகளில் வெவ்வேறாக வளர்ந்தன. பிரெஞ்சு ‘மாஜிஸ்திரா’ என்பதில் நீதிபதியும் அடங்குவர், அரசாங்கத் தரப்பில் வழக்கு நடத்துவோரும் அடங்குவர். ஆங்கில ‘மாஜிஸ்திரேட்’டோ கீழ்நியாயஸ்தலத்தில் வழக்குக் கேட்பவர். ‘ஜூரிஸ்புரூடென்ஸ்’ ஆங்கிலத்திற் பெரும்பாலும் சட்டத் தத்துவம். பிரெஞ்சிலோ நியாயஸ்தலத் தீர்ப்புகளின் தொகுதி.

பத்திரிகையில் இடமேது, அவகாசமேது என்பார் உளர். சில ஆங்கிலப் பத்திரிகைகள் ‘முறைப்படியான விசாரணைக்கு உட்படுத்தப்பட்டார்’ என இக்காலத்தில் எழுதுகின்றனவே! அதற்கு இரண்டு சொற்களே மிகுதியாயின.

இது கடல்கடந்த செய்தி மட்டுமன்று. 1962-ல் புதுச்சேரி சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைக்குட்பட்டது. பிரெஞ்சிலெழுந்த பழந்தீர்ப்புகள் ஆங்கிலத்தில் வாதிப்போர் கைக்கு வந்தன. அத்தகைய ஏடுகளை மொழிபெயர்ப்போர், ஐயமுள்ளவிடத்துப் பிரெஞ்சுச் சொல்லை அப்படியே நிறுத்தி, அடியில் ஒருவரி விளக்கம் எழுதுவதையே நாம் விரும்புவோம்.