வீட்ல கேட்டுச் சொல்றேன்

டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. உடைக்கலாம், புகார் எழுதலாம், சுவரொட்டி ஒட்டலாம். கோயில், கிணறு, சுடுகாட்டுப் பாதை எல்லாமே அப்படித்தான். வாடகை வீட்டில் நடக்கிற தீண்டாமைக்குக் குவளை கிடையாது. அங்கே இருப்பது ஒரே ஒரு வாக்கியம்: 'வீட்ல கேட்டுச் சொல்றேன் தம்பி.'

எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. வங்கியில் எழுத்தர் வேலை. மாற்றலாகிப் போன ஊரிலெல்லாம் முதல் மாதம் வீடு தேடுகிற மாதம். பேங்க் வேலை என்றதும் முகம் மலரும். நாற்காலி வரும், தண்ணீர் வரும். அடுத்தது ஊர். 'அருப்புக்கோட்டைப் பக்கம் பாலவனத்தம்' என்பேன். 'அட, பாண்டித்துரைத் தேவர் ஊரா!' என்பார் கொஞ்சம் படித்தவர். வாஸ்தவம்தான். 1901-ல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர் எங்கள் ஊர் ஜமீன்தார். தமிழ் வளர்த்த கதை முடிந்ததும் அடுத்த கேள்வி: 'பாலவனத்தத்துல எங்கன?' பஸ் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் தள்ளி, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால என்று சுற்றி வளைப்பேன். அவர் விடமாட்டார். குலசாமி எது, பொண்ணு எடுத்தது எந்த ஊர் என்று பிடி இறுகிக்கொண்டே வரும். 'சைவமா?' என்று கேட்டுத் தப்பிப்பதெல்லாம் சென்னை நாகரிகம். எங்கள் கரிசல் பக்கம் கறி தின்னாத வீடு குறைவு, அதனால் நேராகத் தெருவுக்கே வந்துவிடுவார்கள்.

ஒரு ஊரில் முன்பணம் கொடுத்துச் சாவியும் வாங்கிவிட்டேன். இரண்டு நாள் கழித்து வீட்டுக்காரர் கவுண்டருக்கே வந்து பணத்தை வைத்தார். 'மருமகன் வர்றாருங்க, தப்பா நினைக்காதீங்க.' அவர் முன்னாலேயே எண்ணிப் பார்த்தேன். எண்ணுவதுதானே என் வேலை.

இதைச் சொல்லும்போதெல்லாம் தோழர்கள் பரோடாவை நினைவுபடுத்துவார்கள். 1917-ல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பிய அம்பேத்கர், பரோடா அரசு வேலைக்குப் போகிறார். தங்க இடமில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்குகிறார். பதினோராம் நாள் காலை, ஆளுக்கொரு தடியோடு ஒரு கூட்டம் மாடியேறி வந்து வெளியேறச் சொல்கிறது. இதுவரை எல்லோருக்கும் தெரியும். அடுத்து நடந்ததை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அவர் இரண்டு நண்பர்களிடம் இடம் கேட்கிறார். இந்து நண்பர், நீங்கள் வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்கிறார். கிறித்தவ நண்பர், நாளைக்கு மனைவி வருகிறார், அவரைக் கலந்துகொள்ள வேண்டும் என்கிறார். அம்பேத்கர் பூங்காவில் உட்கார்ந்து பொழுதைக் கழித்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்புகிறார். தடி பிடித்தவர்களை நமக்கு அடையாளம் தெரிகிறது. 'மனைவியைக் கேட்க வேண்டும்' என்றவர் நல்லவர், படித்தவர், நண்பர். என் அனுபவத்தில் வீட்டுக்காரர்களில் பெரும்பாலோர் இந்த ரகம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 'வீட்ல' என்றால் யார்? பெண்சாதி அல்லது அம்மா. சாதியைக் காப்பாற்றுகிற பழியைப் பெண்கள் தலையில் கட்டிவிட்டு ஆண்கள் முற்போக்காக நின்றுகொள்கிறோம்.

சட்டம் என்ன செய்கிறது? அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு கடை, ஓட்டல், கிணறு, குளம், சாலை என்று பெயர் சொல்லிச் சொல்கிறது. வாடகை வீடு அதில் இல்லை. 1955-ஆம் வருடத்துக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவில் குடியிருப்பு வருகிறது. எந்தப் பகுதியிலும் வீடு கட்ட, வாங்க, குடியிருக்கத் தீண்டாமை காரணமாகத் தடை செய்தால் குற்றம். தண்டனை ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம். ஆனால் 'கேட்டுச் சொல்றேன்' என்பதை எந்த எப்.ஐ.ஆரில் ஏற்றுவீர்கள்? பரோடாவுக்கு 88 வருடம் கழித்து, 2005-ல், அகமதாபாத்தில் ஒரு பார்சி வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம், எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் இடம் என்று விதி வைத்துக்கொள்ளலாம் என உச்சநீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டு அரசு தன் பங்குக்கு 1997-ல் சமத்துவபுரம் அறிவித்தது. நூறு வீட்டில் நாற்பது தலித்துகளுக்கு. அது அரசாங்கம் ஒதுக்கிக் கொடுக்கிற வீடு. ஒரு ஆள் தன் வீட்டில் காலியாய்க் கிடக்கிற அறையை யாருக்குத் திறப்பான் என்பது எந்த அரசாணையிலும் வராது.

இவ்வளவும் எழுதிவிட்டு என் வீட்டைப் பற்றி எழுதாமல் போனால் நான் யோக்கியனில்லை.

ஐந்து வருடத்துக்கு முன் கடன் போட்டுப் பாலவனத்தத்திலேயே வீடு கட்டினோம். மேலே ஓர் அறை, குளியலறையோடு. எங்கள் தெருவில் முதல் மாடி அது. கரிமூட்டத்தில் வேலை பார்த்த அம்மா, மாடிப்படியைத் தினமும் கழுவுவாள். போன வருடம் ஒரு பையன் வந்தான். சாத்தூர்ப் பக்கம், அருப்புக்கோட்டையில் எம்.ஏ. படிக்கிறான்.

'மாடியறை வாடகைக்கு இருக்குன்னு சொன்னாங்கண்ணே. இந்தப் பத்திரிகையில உங்க கவிதையெல்லாம் வாசிச்சிருக்கேன். அதான் தைரியமா வந்தேன்.'

உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். எந்த ஊர் என்றேன், சொன்னான். என் வாய் தானாகக் கேட்டது: 'ஊர்ல எங்கன?'

பையன் சிரித்தான். 'அருந்ததியர் தெருண்ணே. சுத்தி வளைக்க வேணாம்னு நேராவே சொல்லிட்டேன்.'

நாங்கள் பள்ளர்கள். உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள். 'ஏய்யா, தண்ணித் தொட்டி ஒண்ணுதானய்யா. தெருவுல என்ன பேசுவாக? தங்கச்சிக்கு வேற எடம் பாக்கணும்.' கொஞ்சம் யோசித்து, 'வேணும்னா பின்பக்கமா ஒரு படி வச்சுக் குடுப்பமா?' என்றாள்.

வெளியே வந்தேன். வந்து என்ன சொன்னேன் என்பதை நீங்களே ஊகித்திருப்பீர்கள். அதே வாக்கியம், ஒரு எழுத்து மாறவில்லை.

'சரிண்ணே' என்று எழுந்தான். போகிறபோது தண்ணீர் குடித்த டம்ளரை அவனே குழாயடியில் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். யாரும் கழுவச் சொல்லவில்லை.

2009-ல் அருந்ததியர்க்கு மூன்று சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது நம் கூட்டங்களில் என்ன பேசினோம் என்று தோழர்கள் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ஒற்றுமை குலையும் என்றோம். நானும்தான் பேசினேன், கை தட்டினார்கள். 2024 ஆகஸ்டில் ஏழு நீதிபதிகள் அமர்வு, பட்டியலுக்குள் உட்பிரிவு செய்யலாம் என்று தீர்ப்புச் சொன்ன அன்றைக்கும் அதே பேச்சு. எந்த ஒற்றுமை? என் மாடிப்படி ஏறாத ஒற்றுமையா? பட்டியலுக்குள் நமக்குக் கீழே ஒரு படி இருக்கிறதென்று நம் வீட்டுத் தண்ணித் தொட்டிக்குத் தெரிந்திருக்கிறது. சாதி இந்துக்களிடம் கேட்பதற்கு நமக்கு நூறு கேள்வி உண்டு, கேட்போம், விடப்போவதில்லை. ஆனால் மாதச் சம்பளம் வாங்கி மாடி கட்டிய நம் ஆட்கள் எத்தனை பேர் அருந்ததியர்க்கு, புதிரை வண்ணாருக்கு அறை விட்டிருக்கிறோம்? இயக்கம் நம்மிடம் சந்தா கேட்கிறது, ஊர்வலத்துக்கு வேன் கேட்கிறது. அறைச்சாவியைக் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்கிறேன். மாநாட்டுத் தீர்மானத்தில் நில உரிமைக்குப் பக்கத்திலேயே இதையும் எழுத வேண்டும். இது சொந்த விஷயம் தோழர் என்று யாராவது சொன்னால், அதைத்தான் அந்த வீட்டுக்காரர்களும் சொன்னார்கள் என்பதை நினைத்துக்கொள்ளட்டும்.

நாலு நாள் கழித்துப் போன் பண்ணினேன். வாடா தம்பி, வந்து இருந்துக்க, வாடகையெல்லாம் பெறகு பாத்துக்கலாம் என்றேன். பெருந்தன்மை! கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னான்: 'வாடகை குடுத்துருவேண்ணே. எழுதிக் குடுப்பீங்களா?'

பத்திரம் வாங்கிக்கொண்டு அவனே வந்தான். பதினொரு மாத ஒப்பந்தம். வாடகை, முன்பணம், கரண்டு பில் எல்லாம் எழுதிய பிறகு இன்னொரு வரி சேர்க்கச் சொன்னான்: தண்ணீர்த் தொட்டி, முன்வாசல், மாடிப்படி மூன்றும் பொது. எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாட்சிக் கையெழுத்துக்குத் தெருவில் இரண்டு பேரைக் கேட்டேன். ஒருத்தர் போட்டார். இன்னொருத்தர் வீட்ல கேட்டுச் சொல்றேன் என்றார்.

இப்போது மாடியில் ராத்திரி பன்னிரண்டு மணி வரை விளக்கு எரிகிறது. முன்வாசல் வழியாகத்தான் வருகிறான், போகிறான். அம்மா அவனிடம் பேசுகிறாள், சாப்பிட்டியாய்யா என்று கேட்கிறாள். ஒன்றாம் தேதி வாடகை கொண்டுவந்தால் மட்டும் கையில் வாங்குவதில்லை. திண்ணையில் வைக்கச் சொல்கிறாள். ஏழு மாதமாகிறது, இன்னும் திண்ணையில்தான் வைக்கிறான்.