அறுதி எழுதிக் கொடுப்பதோ மானம்?

யாழ்ப்பாணத்திலே ஒரு குடும்பம் கடனில் ஆழ்ந்து, மாதந்தோறும் வருகின்ற வருமானத்தைக் கொண்டு வட்டியையேனும் கட்டித் தீர்க்க இயலாத நிலையை எய்தும்போது, இனசனத்தாரும் அயலவரும் ஊர்ப் பெரியவர்களும் ஏகமனதாகச் சொல்லுகின்ற புத்திமதி ஒன்றுண்டு. பட்ட கடனைக் கொடுத்தே தீரவேண்டும். கொடுக்க வழியில்லையென்று வெளியிலே சொல்லுதல் குலத்துக்கே இழுக்கு. வங்குறோத்து என்னும் சொல்லை வாயால் உச்சரித்தலும் ஆகாது. கோடு கச்சேரி ஏறினால் இருக்கின்ற வளவும் போய்விடும். ஆகையால் நகையை அடைவு வைத்தோ, புதுக்கடன் எடுத்தோ, அதுவும் போதாவிடின் நம்பிக்கையான ஒருவர் பேருக்கு வீட்டை எழுதிக் கொடுத்தோ, காதும் காதும் வைத்தாற்போலக் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்பதே அது. இதைச் சொல்லுகின்றவர்கள் கெட்ட எண்ணம் உடையவர்கள் அல்லர். பெரும்பாலும் அக்குடும்பத்தின் நன்மையையே விரும்புகின்றவர்கள். ஆயினும், போர் தின்றது போக எஞ்சிய வீடுகளை இன்று ஓசையின்றித் தின்றுகொண்டிருப்பது இந்தப் புத்திமதியே என்பது என் திடமான அபிப்பிராயம்.

கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாமை ஓர் ஒழுக்கக் குற்றம் என்பது இதன் அஸ்திவாரம். இந்த எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருப்பதற்குச் சரித்திர காரணமும் உண்டு. ஒல்லாந்தர் காலத்திலே, 1706ஆம் ஆண்டில், யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை என்னும் வழக்காற்றுச் சட்டம், இறந்த பெற்றோரின் கடனை ஆண்மக்கள் இறுக்கவேண்டும் என்றும், அப்போது அவர்கள் கையிலே பொருள் இல்லாவிடினும் எக்காலத்தும் அதற்குப் பொறுப்பாளிகளாகவே இருப்பர் என்றும் விதித்தது. ஆனால் அதே தொகுப்பிலேதான் அடிமைகளை உடைமையாக வைத்திருத்தல் பற்றிய விதிகளும் இருந்தன. அடிமைமுறை 1844இல் இலங்கையிலிருந்து முற்றாக நீக்கப்பட்டபோது தேசவழமையின் அப்பகுதி செத்தொழிந்தது. அதனால் நம்முடைய மானம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. தந்தையின் கடனுக்குப் பிள்ளை தான் பெற்ற முதுசத்தின் அளவுக்கே பொறுப்பாளி என்பதே இன்றைய நீதிமன்றங்களின் நியாயம். அவ்வாறிருக்க, சட்டம் கைவிட்ட பாரத்தை மனச்சாட்சியின் பேரால் இன்னும் தலையிலே சுமந்து திரிவதற்கு என்ன நியாயம் இருக்கின்றது?

கையில் இருந்தும் கொடாதிருத்தல் ஒன்று. இல்லாமையால் கொடுக்க மாட்டாதிருத்தல் வேறொன்று. இந்த வித்தியாசத்தை இலங்கையின் சட்டம் 1853ஆம் ஆண்டிலேயே ஒப்புக்கொண்டது. அவ்வாண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், கடன் இறுக்க வகையற்றுப்போன ஒருவர் மாவட்ட நீதிமன்றுக்குத் தாமாகவே விண்ணப்பித்து, தம்முடைய சொத்துக்களையும் கடன்களையும் ஒளிவின்றி வெளிப்படுத்தி, இருப்பதைக் கடன்காரர் எல்லோருக்கும் விகிதாசாரப்படி பகிர்ந்தளிக்கச் சம்மதித்து, நேர்மையாக நடந்துகொண்டமைக்கு அத்தாட்சியும் பெற்றுப் பழைய கடன்களிலிருந்து விடுதலையாகலாம் என்று வழி வகுத்தது. இச்சட்டத்தை எழுதியவர்கள் ஒழுக்கத்தை அலட்சியம் செய்தவர்கள் அல்லர். கடனாளியின் நடத்தையை ஆராய்ந்து, அத்தாட்சியை முதலாம், இரண்டாம், மூன்றாம் தரம் என்று வகைப்படுத்தவும் அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். ஒழுக்கம் என்பது கணக்கை மறையாது விரித்துக் காட்டுவதிலே இருக்கின்றது என்பதே அச்சட்டத்தின் உட்கிடை.

இனி, தனி மனிதனுக்கு மட்டும் இயலாமை பாவமென்றால், 2022 ஏப்பிரில் 12ஆம் திகதி இலங்கை அரசாங்கமே தன்னுடைய வெளிநாட்டுக் கடன்களை இப்போது கொடுக்க முடியாதென்று உலகறியப் பிரகடனம் செய்து, பின்னர் கடன்காரரோடு உட்கார்ந்து பேசி முதலிலும் வட்டியிலும் தவணையிலும் சலுகை பெற்றுக்கொண்டதே, அதை என்னவென்று சொல்வது? அதற்கு நான்கு நாள்களுக்கு முன்னர் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதத்தை ஒரே அடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியபோது, மாறும் வட்டிக்கு வீட்டுக்கடன் எடுத்திருந்த ஆசிரியரும் எழுதுவினைஞரும் மாதத் தவணை தங்கள் சம்பளத்தை விழுங்குவதைக் கண்டு திகைத்தார்கள். அவர்கள் செய்த குற்றம் யாது? நட்டமடைந்த கொம்பனியைக் கலைத்துவிட்டு அதன் பங்குதாரர் தம் வீட்டிலே நிம்மதியாக உறங்குவதற்குச் சட்டம் இடங்கொடுக்கின்றது. அதனை ஒருவரும் மானக்கேடென்று சொல்லக் காணோம்.

இந்த மானத்தைக் காப்பாற்றுவதற்கென்றே சிலர், தவணை கேட்டு வந்தவருக்குப் பின்திகதியிட்ட காசோலை ஒன்றை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகின்றனர். கணக்கிலே பணமில்லை என்று அறிந்துகொண்டே காசோலை எழுதுதல் 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். உள்ளபடி சொல்லியிருந்தால் குடியியல் வழக்காய் முடிந்திருக்கக்கூடிய ஒரு விவகாரம், வெட்கத்தின் காரணமாகக் குற்றவியல் வழக்காய் மாறிவிடுகின்றது.

கடனைக் கடனால் தீர்க்கலாம் என்பது அடுத்த வாதம். இதற்கு நீண்ட மறுப்புத் தேவையில்லை. போருக்குப் பின்னான நம்முடைய அநுபவமே போதிய பிரமாணம். 2009க்குப் பின்னர் பாதை திறந்ததும் வங்கிகளும் பினான்ஸ் கொம்பனிகளும் லீசிங் நிலையங்களும் வடக்கிலே கிளை பரப்பின. இந்திய உதவியோடு கட்டப்பட்ட வீட்டுக்கு 5,50,000 ரூபா நன்கொடை கிடைத்தது. அது போதாமையால் வீட்டை முடிப்பதற்குக் காப்பை அடைவு வைத்தவர்களும் நுண்கடன் எடுத்தவர்களும் அநேகர். ஒரு நுண்கடனின் கிழமைத் தவணையைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட மீற்றர் வட்டிக்காரர் என்று பெண்கள் அலைந்தார்கள். 2018இல் இங்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குவான் பப்லோ பொஹொஸ்லவ்ஸ்கி, சில நுண்கடன்களின் வருட வட்டி 220 வீதம் வரைக்கும் எட்டியதாகக் குறிப்பிட்டார். அவ்வாண்டிலேயே அரசாங்கம் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுக்கு ஓரிலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களில் நிவாரணம் அளிக்கவும், வட்டிக்கு 35 வீத உச்சவரம்பு விதிக்கவும் நேர்ந்தது. தனிப்பட்ட பெண்ணின் ஊதாரித்தனமே காரணமென்று சொல்லி வந்தவர்களுக்கு அரசாங்கத்தின் இச்செயலே விடையாயிற்று.

இப்புத்திமதியின் மிகக் கொடிய பகுதி எதுவென்றால், நம்பிக்கையானவர் பேருக்கு வீட்டை எழுதிக் கொடு என்பதுதான். முன்னாளிலே நம்முடைய முன்னோர் பணத்தேவை வந்தபோது காணியை ஒற்றி வைத்தார்கள். ஒற்றிக்காரர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைவை அநுபவிப்பார். முதலைத் திருப்பிக் கொடுத்தவுடன் காணி உடையவரிடமே மீளும். சிறுகச் சிறுகச் சேர்த்து, பிள்ளைகள் தலையெடுத்த பின்னராயினும், மீட்டுக்கொண்ட காணிகள் எத்தனையோ. அதன் பின்னே ஈடு வந்தது. ஈட்டுக்காரர் 1949ஆம் ஆண்டின் ஈட்டுச் சட்டப்படி வழக்கிட்டு, தீர்ப்புப் பெற்று, ஏலத்திலே விற்று, தம் கடன் போக மிஞ்சியதை உடையவரிடம் ஒப்புவிக்க வேண்டும். இந்தப் பாதுகாப்பெல்லாம் கடன் கொடுப்பவருக்கு இடைஞ்சல். ஆகவே இன்று தனியார் வட்டிக்காரர் ஈடு கேட்பதில்லை. அறுதி உறுதியே கேட்கின்றார். “இது ஒரு பேருக்குத்தான், காசைத் தந்ததும் திருப்பி எழுதித் தருவன்” என்பது வாய்ச்சொல். நொத்தாரிசின் முன்னே கையொப்பமாவதோ முழு விற்பனை. முப்பது இலட்சம் பெறுமதியான வளவு ஐந்து இலட்சத்துக்கு அறுதியாகப் போகின்றது. வட்டி தவறும்போது வீட்டுக்காரர் தம்முடைய வீட்டிலேயே அந்நியராகின்றார்.

இந்த இடத்திலும் சட்டம் கைவிட்டுவிடவில்லை என்பதை நம்மவர் பலர் அறியார். 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப்பொறுப்புக் கட்டளைச்சட்டத்தின் 83ஆம் பிரிவு, சொத்தின் பயனைக் கைவிடும் கருத்தின்றி ஒருவர் அதனைக் கைமாற்றியிருப்பது சந்தர்ப்ப சூழ்நிலைகளால் புலப்படுமாயின், அதைப் பெற்றவர் கொடுத்தவரின் நன்மைக்காகவே அதை வைத்திருப்பவராகக் கருதப்பட வேண்டும் என்று சொல்லுகின்றது. உறுதியிலே காட்டிய விலை உண்மை விலைக்கு எவ்வளவு குறைந்தது, எழுதிக் கொடுத்த பின்னரும் அவ்வீட்டிலே குடியிருந்தவர் யார், உறுதி எழுதும் செலவைக் கொடுத்தவர் யார் என்பன போன்றவற்றை நீதிமன்று ஆராயும். இப்பிரிவின்கீழ் வீட்டை மீட்டவர்கள் உண்டு. ஆனால் அது வருடக்கணக்கான வழக்கு. இடையிலே வட்டிக்காரர் மூன்றாம் ஆளுக்கு விற்றுவிட்டால் சிக்கல் பன்மடங்காகும். சட்டம் இப்படியொரு கதவைத் திறந்து வைத்திருக்கின்றதென்பதற்காக எழுதிக் கொடுக்கலாம் என்று கொள்ளுதல் பேதைமை. எழுதிக் கொடுத்துவிட்டவர் நம்பிக்கை இழக்கவேண்டாம் என்பதற்கே இதைச் சொன்னேன்.

புருஷன் பட்ட கடனுக்கு மனைவியின் சீதன வீடு ஈடு என்று எண்ணுகின்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. தேசவழமைக்கு உட்பட்டோரின் விவாக ஆதன உரிமைகளை ஒழுங்குசெய்யும் 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், மனைவியின் தனிச்சொத்து கணவனின் கடனுக்குப் பொறுப்பாகாது என்பதைப் பொதுவிதியாக வைத்திருக்கின்றது. அச்சொத்தின் பராமரிப்புக்கும் திருத்தத்துக்கும் வரிக்குமென்று பட்ட கடனே விலக்கு. ஆகவே சீதன வீடு கணவனின் கடனுக்காகப் போவது பெரும்பாலும் சட்டத்தினால் அன்று, ஈட்டுறுதியிலோ பிணைப் பத்திரத்திலோ அப்பெண்ணே வைத்த ஒப்பத்தினால். “நீ ஒப்பம் வைக்காவிட்டால் அவர் மருந்து குடிச்சிடுவார்” என்று மாமியாரும் மச்சாளும் அழுது நிற்கும்போது அவள் என்ன செய்வாள்? அவ்வாறு நிர்ப்பந்திக்கின்றவர்கள், பேரப்பிள்ளைகளின் தலைக்கு மேலிருக்கும் கடைசிக் கூரையைத் தாங்களே பிரிக்கின்றோம் என்பதை உணர வேண்டும்.

கோட்டுக்குப் போனால் வீடு போகும் என்ற பயத்தை எடுத்துக்கொள்வோம். உண்மை நேர் விரோதமாயிருக்கின்றது. வீடு அதிவேகமாகப் பறிபோவது கோட்டிலே அன்று, கோட்டுக்கு வெளியே. பராட்டே என்று எல்லோரும் அழைக்கின்ற, 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வங்கியின் பணிப்பாளர் சபை ஒரு தீர்மானத்தை நிறைவேற்றி, வர்த்தமானியிலும் பத்திரிகைகளிலும் அறிவித்து, நீதிமன்றின் தீர்ப்பேதுமின்றியே ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விற்கலாம். நீதிமன்றுகள்தாம் இதற்கு எல்லை வகுத்தன: கடனாளியல்லாத மூன்றாமவர் ஈடு வைத்த சொத்தின்மீது இவ்வதிகாரம் செல்லாதென்று 2006இல் உயர் நீதிமன்றம் இராமச்சந்திரன் எதிர் ஹற்றன் நஷனல் வங்கி வழக்கிலே பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. 2011ஆம் ஆண்டுத் திருத்தம், முதற்றொகை 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த கடன்களை இதன் பிடியிலிருந்து விலக்கியது. நெருக்கடியின் பின்னர் 2024இல் பாராளுமன்றம் இவ்வதிகாரத்தைச் சிறிது காலம் நிறுத்தியும் வைத்தது. வங்கியின் கடிதத்தைப் பிரிக்காமலே அலுமாரியில் வைத்துவிட்டு நேர்த்தி வைக்கின்றவருக்கு இவற்றுள் ஒன்றும் உதவாது. தவணை தவறுமுன்னரே முகாமையாளரிடம் சென்று காலநீடிப்புக் கேட்பவருக்கும், அறிவித்தல் கிடைத்தவுடன் சட்டத்தரணியிடமோ சட்ட உதவி ஆணைக்குழுவிடமோ போகின்றவருக்குமே இவை பயன்படும்.

எதிர்த்திசையிலிருந்தும் ஒரு தவறான நம்பிக்கை நம்மிடையே புகுந்திருக்கின்றது. ரொறன்ரோவிலிருக்கும் மைத்துனர், அங்கே முதன்முறை வங்குறோத்தானவர், மேலதிக வருமானம் இல்லாதவராயின், ஒன்பது மாதத்தில் விடுதலை பெறலாம் என்றும், கடன்காரருக்கு ஒரு பிரேரணை வைத்து ஐந்து வருடத்துக்குள் ஒரு பகுதியைக் கட்டி வீட்டை வைத்துக்கொள்வோரும் உளர் என்றும் சொல்லுவார்; அவர் சொல்வது கனடாவைப் பொறுத்தவரை மெய். இங்கேயுள்ள 1853ஆம் ஆண்டுச் சட்டமோ வேறொரு யுகத்தின் வியாபாரிகளுக்காக எழுதப்பட்டது. வங்குறோத்து எனப்படும் நொடிப்புக்கு விண்ணப்பம் செய்தாலும் ஈட்டுக்காரரின் உரிமை ஈட்டுச் சொத்தின்மேல் நிலைத்தே நிற்கும். ஈடில்லாத வீடு கடன்காரர் எல்லோருக்கும் பொதுவான சொத்துக்களோடு சேர்ந்துவிடும். ஆதலால் வீடு ஒன்றே உடைமையாகவும் கடன் அதன் பெறுமதிக்கு உட்பட்டதாகவும் உள்ள ஒருவருக்கு நொடிப்பு பொருத்தமான மருந்தன்று. அவர் வளவிலே இரண்டு பரப்பைப் பிரித்துச் சந்தை விலைக்குப் பகிரங்கமாக விற்று, வட்டி கூடிய கடனை முதலிலே தீர்ப்பதே உசிதம். அதையும் செய்யமாட்டாமல், அயலார் கேட்டால் என்ன சொல்வது என்று மூன்று வருடம் தாமதித்து, ஈற்றிலே முழு வளவையும் கால்விலைக்கு எழுதிக் கொடுத்தவர்களைப் பற்றியே நான் துக்கப்படுகின்றேன். கடன் சொத்தின் பெறுமதியை மிஞ்சி, ஈடில்லாத பல கடன்களாய்ச் சிதறி, உழைப்பெல்லாம் வட்டிக்கே போகின்ற நிலையிலுள்ளவரோ நொடிப்பைப் பற்றிச் சட்டத்தரணியோடு வெட்கமின்றிப் பேசலாம், பேசவும் வேண்டும்.

நூற்று எழுபது வருடங்களைக் கடந்த அந்தச் சட்டத்தை மாற்றும்படி கேட்பதற்கு நம்முடைய பிரதிநிதிகளுக்கு நியாயமான காரணம் இருக்கின்றது. கடனாளி கடன்காரர் எல்லோரையும் ஒரே மேசைக்கு அழைத்துத் தவணைத் திட்டம் வகுக்கும் உரிமை, அத்திட்டம் நடைபெறும் வரைக்கும் குடியிருக்கும் வீட்டின்மேல் ஏலத்தடை, நேர்மையாகக் கணக்குக் காட்டியவருக்கு நிச்சயமான விடுதலைத் திகதி ஆகிய மூன்றையும் அடக்கிய சட்டமொன்று வந்தால், பருத்தித்துறையிலும் சாவகச்சேரியிலும் மாவட்ட நீதிமன்றின் படியேறுவதற்கு இன்று அஞ்சுகின்ற பல குடும்பங்கள் அறுதி உறுதியில் ஒப்பம் வைக்காமலே தப்பும். ஊரவர் அதுவரை செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. கடன்பட்ட வீட்டுக்குப் புத்திமதி சொல்லப் போகின்றவர் ஒரு கொப்பியையும் பேனையையும் எடுத்துச் செல்லட்டும். யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி, எதற்கு ஈடு, எதில் யார் ஒப்பம் என்று அக்குடும்பத்தோடு இருந்து எழுதட்டும். பின்னர் அந்தக் கொப்பியோடு அவர்களைச் சட்டத்தரணியிடம் தாமே கூட்டிச் செல்லட்டும்.